கொட்டாஞ்சேனையில் பதினொரு மணி

இந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்குகிற எல்லாரும் ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். கிளாஸ்கோவுக்கு வந்த புதிதில் இதைப் பார்த்துத் திகைத்துப்போனேன். ஓட்டுநருக்கு இத்தனை பேரைத் தெரியுமா, அல்லது எல்லாரும் ஒரே கலியாண வீட்டுக்குப் போகிறார்களா என்றுகூட யோசித்தேன். பிறகு நானும் சொல்லப் பழகிக்கொண்டேன். ஆனால் இருபது வருடத்துக்கு மேலாகியும் அந்தத் 'தாங்க் யூ' என் வாயிலிருந்து முணுமுணுப்பாகத்தான் வருகிறது. சத்தமாகச் சொன்னால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற பயம். பார்த்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். போர்க்காலத்தில் கொழும்பில் பஸ் ஏறியவர்கள் கேட்க மாட்டார்கள்.

ஆஸ்பத்திரி ஒன்றில் எனக்குத் துப்புரவு வேலை. காலை ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். குளிர்காலத்தில் அந்த நேரம் தெரு முழுக்க இருட்டாக இருக்கும். முதல் மூன்று வருடம் அந்தத் தரிப்பிடத்தில் என்னோடு நின்றவர் ஷீலா. பெயரைக் கேட்டால் நம்மூர்ப் பெண் போலிருக்கும். அசல் ஸ்கொட்லாந்துக்காரி, அறுபது வயது, அலுவலகங்களைத் துடைக்கிற வேலை. முதல் நாளே என்னைப் பார்த்து, "ஆர் யூ ஆல்ரைட், ஹென்?" என்றார். 'ஹென்' என்றால் இங்கே கண்ணே என்கிற மாதிரி. முகத்தில் ஏதோ நோய் தெரிகிறதாக்கும் என்று நினைத்து, காய்ச்சல் இல்லை, நேற்று மட்டும் கொஞ்சம் தடிமன் என்று விளக்கம் சொன்னேன். இரண்டாம் நாள் எங்கே போகிறாய் என்று கேட்டார். என் கை தானாகக் கைப்பைக்குள் போனது. வேலை அனுமதிக் கடிதத்தை எடுத்து நீட்டி, என் முழுப்பெயர், வீட்டு விலாசம், எங்கே போகிறேன், என்ன அலுவல், எத்தனை மணிக்குத் திரும்புவேன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்புவித்தேன். ஷீலா கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சும்மாதான் கேட்டேன், கண்ணே" என்கிற மாதிரி ஏதோ சொல்லி என் தோளைத் தட்டினார். அன்று முழுக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

சும்மா கேட்பது என்ற ஒன்றை நான் மறந்து வெகுகாலமாகியிருந்தது. யாழ்ப்பாணத்தில் அதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே முன்பின் தெரியாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் எந்த இடம், எந்தப் பள்ளிக்கூடம், தகப்பன் ஆர் என்று தொடங்கி, கடைசியில் தன் மச்சானுடைய சகலனுக்கு நம் பெரியப்பாவைத் தெரியும் என்கிற இடத்தில் கொண்டுபோய் நிறுத்திய பிறகுதான் மூச்சு விடுவார். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் இறங்கும்போது அவர் அந்நியர் இல்லை. அதே கேள்விகளைத்தான் கொழும்பிலும் கேட்டார்கள். எந்த இடம், எங்கே தங்கியிருக்கிறாய், எதற்கு வந்தாய், ஆரைத் தெரியும். கேட்டவர்கள் சீருடை போட்டிருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அதனாலேயே மற்றவர்கள் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

வெள்ளவத்தையில், கடலைப் பார்த்த ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் நான்கு பெண்கள் வீசாவுக்குக் காத்திருந்தோம். எனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை ஸ்கொட்லாந்தில் இருந்தார். அறையில் என்னைவிட ஆறு மாதம் மூத்தவள் சுகந்தி, சுவிஸுக்குப் போகக் காத்திருந்தவள். வந்த அன்று இரவே கொழும்பில் நடக்கிற விதத்தைச் சொல்லித்தந்தாள். பொட்டைச் சின்னதாக வை. பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் பையை வைத்துக்கொள், ஆரும் வந்து இருக்க மாட்டார்கள். இருந்தாலும் கதைக்காதே. ஊர்க்காரரைக் கண்டால் கண்ணைத் திருப்பிக்கொள். அவர் ஆரோடு தொடர்பு என்று உனக்குத் தெரியாது, நீ ஆரென்று அவருக்கும் தெரியாது. இதையெல்லாம் அவள் நகத்துக்குப் பூச்சுப் பூசிக்கொண்டே சொன்னாள்.

கொழும்பில் அன்பே இல்லை என்று எழுதினால் அது பொய். மீன் விற்க வருகிற சிங்களக் கிழவர் என்னை 'நங்கி', தங்கச்சி என்று கூப்பிட்டு, மீனைச் சுத்தமாக்கித் தந்துவிட்டுப் போவார். ஒருமுறை பாமன்கடைப் பக்கம் நடந்து போனபோது எதிரே வந்த ஒரு மனிதர் என்னைப் பார்க்காமல், நடையையும் நிறுத்தாமல், "அங்கால போகாதையுங்கோ, செக் பண்ணுறாங்கள்" என்று காற்றிடம் சொல்வது போலச் சொல்லிவிட்டுக் கடந்தார். நான் திரும்பி வேறு வழியால் போனேன். அவர் முகம் எனக்குத் தெரியாது, என் முகமும் அவருக்குத் தெரியாது. கொழும்பில் தமிழர் ஒருவருக்கொருவர் காட்டிய சிநேகம் பெரும்பாலும் இந்த அளவுதான். முகம் பார்க்காமல் செய்ய வேண்டும், நன்றி வாங்க நிற்கக் கூடாது.

செவ்வாய்க்கிழமைகளில் நான் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போவேன். நாங்கள் சைவக்காரர். ஆனால் வீசாவுக்குக் காத்திருக்கிறவர்களுக்கு அந்தோனியாரிடம் சமயப் பாகுபாடு இல்லை; வெள்ளவத்தையில் பாதிப்பேர் அங்கேதான் மெழுகுதிரி கொளுத்தினோம். தூதரகத்தில் எனக்கு வியாழக்கிழமை நேர்முகம் என்று கடிதம் வந்திருந்த வாரம் அது. ஒரு முறை தவறவிட்டால் அடுத்த திகதிக்கு ஏழெட்டு மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் மனம் மாறிவிடுவார்களோ என்று வீட்டில் கவலைப்பட்டார்கள். அந்தச் செவ்வாய் காலை கோயில் பக்கம் போகிற கொட்டாஞ்சேனை பஸ்ஸில் ஏறி, பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கொள்ளுப்பிட்டி தாண்டியதும் ஒரு அம்மா என் பையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெளுத்த நூல் சேலை, நெற்றி நிறையத் திருநீறு. பார்த்தவுடனே நேற்றோ முந்தாநாளோ வந்தவர் என்று தெரிந்தது. ஒரு துண்டுக் கடுதாசியைக் கையில் பொத்தி வைத்திருந்தார். பஸ் முழுக்கக் கேட்கிற குரலில் என்னிடம், "பிள்ளை எந்த இடம்?" என்றார்.

முன்னால் இருந்த இருவர் திரும்பினார்கள். "தெமல தன்னே நே" என்றேன். தமிழ் தெரியாது. சிங்களத்தில், தமிழரிடம், தமிழ் தெரியாது என்று சொன்னேன். அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, தொந்தரவு தந்ததற்கு மன்னிப்புக் கேட்பது போலச் சிரித்து, தன் சேலைத் தலைப்பை ஒதுக்கி எனக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டார். மொழி தெரியாத பிள்ளைதானே என்று கடுதாசியை விரித்துக் காட்டிக் கையால் கேட்டார். கொட்டாஞ்சேனையில் ஒரு தொலைபேசிக் கடையின் விலாசம், கீழே 'பதினொரு மணி' என்று எழுதியிருந்தது. ஊரில் தொலைபேசி இல்லாத காலம். வெளிநாட்டுப் பிள்ளைகள் நாளும் நேரமும் சொல்லிக் கடிதம் போடுவார்கள். தாய்மார் பயண அனுமதிப் பாஸ் எடுத்து, கப்பலோ லொறியோ பிடித்துக் கொழும்புக்கு வந்து, 'கொமினிகேஷன்' என்ற அந்தக் கடைகளில் காத்திருந்து ஐந்து நிமிடம் கதைத்துவிட்டுப் போவார்கள். அந்தக் கடை எனக்குத் தெரியும். நானே அங்கேதான் ஸ்கொட்லாந்துக்காரரோடு கதைப்பது. தலையை மட்டும் ஆட்டி, இடம் வந்ததும் சொல்கிறேன் என்று சைகை காட்டினேன்.

புறக்கோட்டையைத் தாண்டியதும் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டைகளைப் பார்த்து இரண்டு வரிசையாகப் பிரித்தார்கள். வடக்கில் எடுத்த அட்டையில் தமிழும் எழுதியிருக்கும். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் ஒளிக்க முடியாது. சின்ன வரிசையில் நாங்கள் ஐந்து பேர். எனக்குப் பின்னால் அந்த அம்மா. அவரைத் திரும்பிப் பார்க்க எனக்கு முகமில்லை. அவர்தான் மெதுவாகச் சொன்னார்: "எனக்கு உம்மட முகத்தைப் பாக்கவே விளங்கினதுதான். பயத்திலதானே சொன்னனீர். பறவாயில்லை பிள்ளை."

வடக்கிலிருந்து வந்து கொழும்பில் தங்குகிறவர்கள் எடுக்க வேண்டிய பொலிஸ் பதிவு என் கையில் இருந்தது, தூதரகக் கடிதமும் இருந்தது. பொலிஸ்காரர் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். அடுத்தது அந்த அம்மா. அவருக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது, பொலிஸ்காரருக்குத் தமிழ் தெரியாது. என்னைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னார். பெயர் நாகேஸ்வரி. முந்தாநாள் வந்தவர். எங்கே தங்கியிருக்கிறார், பதிவு எங்கே என்று பொலிஸ்காரர் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். அந்த அம்மா பொலிஸ்காரரைப் பார்த்தபடியே, குரல் மாறாமல், "அதைச் சொல்லக் கூடாது பிள்ளை. பதியாமல்தான் வைச்சிருக்கினம். குஞ்சு குருமன் இருக்கிற வீடு, அதுகளுக்குக் கரைச்சல் வந்திடும்" என்றார். விலாசம் ஞாபகமில்லையாம் என்று சிங்களத்தில் சொன்னேன். பொலிஸ்காரர் நம்பவில்லை. கோபமாகவும் இல்லை, களைத்துப்போன மனிதர், வெயிலில் காலையிலிருந்து நிற்கிறவர். கொழும்பில் இவரை ஆருக்காவது தெரியுமா என்று கேட்டார். பிறகு என்னையே பார்த்து, "மெயாவ தன்னவத?" என்றார். உனக்கு இவரைத் தெரியுமா.

தெரியும், என் அன்ரி, என்னோடுதான் இருக்கிறார், பதியத்தான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். விட்டிருப்பார் என்றும் நினைக்கிறேன். அல்லது இரண்டு பேரையும் பொலிஸ் லொறியில் ஏற்றியிருப்பார், என் வியாழக்கிழமை போயிருக்கும். அந்த ஒரு நொடியில் வியாழக்கிழமையைத் தவிர வேறொன்றும் என் தலைக்குள் இல்லை. "தன்னே நே" என்றேன். தெரியாது. அது பொய்யில்லை என்பதுதான் இன்றுவரை என்னை வாட்டுவது. பஸ்ஸில் சொன்னது பொய், இது உண்மை.

பஸ்ஸில் கேட்ட அதே சொல் என்பதால் அவருக்கும் விளங்கிவிட்டது. முகம் கொஞ்சமும் மாறவில்லை. ஒரு பெண் பொலிஸ் அவரை லொறிப் பக்கம் கூட்டிப் போக வந்தபோது, கையில் பொத்தியிருந்த கடுதாசியை என் கைக்குள் திணித்தார். "மகள் பிரான்ஸிலயிருந்து எடுப்பாள். அங்க விடிய முதல், வேலைக்குப் போறதுக்கு முன்னம் எடுக்கிறவள். அம்மாவை மறிச்சுப்போட்டாங்கள் எண்டு மட்டும் சொல்லிவிடும், அவள் ஆரையும் பிடிச்சு அலுவல் பாப்பாள்." லொறியில் ஏறி உட்கார்ந்த பிறகும் என்னைப் பார்த்துக் கையை அசைத்தார். போம், போம், நேரமாகுது என்று.

பஸ் எங்களை மறுபடி ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. கொட்டாஞ்சேனையில் இறங்கும்போது பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தது. கடைக்கு எதிர்ப்பக்கம், ஒரு மருந்துக்கடை வாசலில் நின்றேன். உள்ளே வாங்குகளில் சனம் நிறைந்திருந்தது. அந்தக் கடைகளை ஆட்கள் கவனிக்கிறார்கள் என்று சுகந்தி சொல்லியிருந்தாள். வெளிநாட்டுக்கு ஆர் என்ன கதைக்கிறார்கள் என்று ஒட்டுக் கேட்கிறவர்களாம். நான் போய் அந்த அழைப்பை எடுத்தால், அத்தனை பேருக்கும் முன்னால், பொலிஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். மகள் நீங்கள் ஆர் என்று கேட்பாள். கேட்டுக்கொண்டிருக்கிறவர்களும் கேட்பார்கள். இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு நின்றேன். கடைக்காரர் மாளிகாவத்தை முஸ்லிம் ஒருவர். தொலைபேசி வந்ததும் வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்துக் கூப்பிட்டார்: "நாகேஸ்வரி, பிரான்ஸ் கோல்! நாகேஸ்வரியம்மா வந்தாச்சா?" இரண்டு தரம் கூப்பிட்டார். அவருடைய கண் என் மேலும் பட்டது. நான் மருந்துக்கடைக்குள் திரும்பிக்கொண்டேன். அவர் உள்ளே போய்விட்டார்.

அங்கிருந்து நேரே அந்தோனியாரிடம் போய் மெழுகுதிரி கொளுத்தினேன். என்ன வேண்டினேன் என்று கேட்டால், வெட்கத்தோடு சொல்கிறேன், வீசாதான் வேண்டினேன். அவரும் தந்துவிட்டார்.

பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அந்தக் கடைக்குப் போனேன். இனிப் பயமில்லை, கடவுச்சீட்டில் முத்திரை இருந்தது. துணிவு வந்தது அப்படித்தான். கடைக்காரர் யோசித்துப் பார்த்துச் சொன்னார்: "அந்த மகள் அண்டைக்கு மூணு தரம் எடுத்தா தங்கச்சி. அடுத்த நாளும் எடுத்தா, அழுதா. ஒரு கிழமையா எடுத்திட்டிருந்தா, பொறகு எடுக்கல்ல. நம்பர் கேட்டு வெக்காம வுட்டுட்டேன்." என் முகத்தைப் பார்த்து, "நீங்க யாரு அவக்கு?" என்று கேட்டார். ஒருத்தரும் இல்லை என்றேன். அழைப்பு நின்றதற்கு நல்ல காரணமும் இருக்கலாம். விட்டிருப்பார்கள், தாய் வேறு எங்கிருந்தாவது கதைத்திருப்பார். நிறையப் பேரை இரண்டு மூன்று நாளில் விட்டார்கள்தான். எல்லாரையும் விடவில்லை. இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

ஷீலா போன்றவர்களுக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்வது? மூன்று வருடம் அந்தத் தரிப்பிடத்தில் அவர் என்னோடு கதைத்தார். முழங்கால் வலி, செத்துப்போன புருஷன், வீட்டுக்கு வராத மகன் என்று முதல் வாரத்திலேயே எல்லாம் சொல்லிவிட்டார். நம்மூரில் இவ்வளவும் கேட்டறிய ஒரு மாமாங்கம் ஆகும். ஆனால் ஒரே மூச்சில் நான் ஒப்புவித்த என் பெயரை அவர் கடைசிவரை திரும்பக் கேட்கவில்லை. ஒருநாள் வரவில்லை, பிறகு வரவேயில்லை. ஓட்டுநரிடம் விசாரித்தேன், எந்த ஷீலா என்றார். இந்த ஊரில் சிரிப்பை எல்லாருக்கும் தாராளமாகத் தருகிறார்கள், பதிலுக்கு உன்னிடம் ஒன்றும் எதிர்பார்ப்பதில்லை. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்திருக்கிறது, பொய் சொல்லவில்லை. ஆனால் யாரையும் தெரியுமா என்று கேட்காத ஊரில், தெரியாது என்று ஒருமுறை சொன்னவள் அதைத் திருத்திச் சொல்ல இடம் கிடைப்பதில்லை.

போன மாசி மாதம் கிடைத்தது என்று நினைத்தேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஐந்தரை பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு பெண் ஏறினார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். குளிர் மேலங்கிக்குக் கீழே சேலைக் கரை நனைந்து தொங்கியது. நான் முன்பு கண்டவரில்லை. தமிழரா, வங்காளியா, வேறு ஆரோ தெரியாது. பயணச்சீட்டு அட்டையை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் தடுமாறிக்கொண்டு நின்றார். ஓட்டுநர் அவருக்கு மேலால் என்னைப் பார்த்தார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நிறம். "ஆர் யூ டுகெதர்?" என்று கேட்டார். சீட்டு ஒன்றா இரண்டா என்று தெரிய வேண்டும் அந்த மனிதருக்கு, வேறொன்றுமில்லை.

"யெஸ்" என்றேன். பஸ் முழுக்கக் கேட்டிருக்கும், அவ்வளவு சத்தமாக. "ஷி இஸ் வித் மீ. ஷி இஸ் மை ஆன்ட்டி. ஷி இஸ் ஸ்டேயிங் வித் மீ." அதோடு நிற்கவும் என்னால் முடியவில்லை. என் வீட்டு இலக்கம், தெருப் பெயர், தபால் குறியீடு எல்லாம் சொன்னேன். கைப்பையைத் திறந்து கடிதம் எதையோ தேடினேன்.

அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புதிதில்லை. எந்த ஊரிலிருந்து வந்தாரோ, அங்கே முன்பின் தெரியாத ஒருத்தி உன்னைத் தன் சொந்தம் என்று அடித்துச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தமோ, அவருக்குத்தான் தெரியும். ஒரு அடி பின்வாங்கி ஓட்டுநரிடம், "நோ, நோ. ஐ டோன்ட் நோ ஹர்" என்றார். மறுபடியும் சொன்னார்: "ஐ டோன்ட் நோ திஸ் வுமன்."

அவர் சொன்னது உண்மைதான்.

ஓட்டுநர் சிரித்து, பரவாயில்லை, போங்கள் என்றார். அந்தப் பெண் கடைசி வரிசைக்குப் போய், பக்கத்து இருக்கையில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் முன்னால் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். என் பையை மடியில் வைத்து, பக்கத்து இருக்கையைக் காலியாக விட்டேன். ஓட்டுநரின் தலைக்கு மேலே இருந்த கடிகாரம் ஐந்தரை காட்டியது. குளிர்காலத்தில் இங்கே ஐந்தரை என்றால் கொழும்பில் பதினொன்று. கிளாஸ்கோவின் ஈரத் தெருவில் பஸ் போய்க்கொண்டிருந்தது. நான் இன்னும் அந்த மருந்துக்கடை வாசலில்தான் நிற்கிறேன். எதிரே கடைக்காரர் வெளியே வந்து, தெருவைப் பார்த்து ஒரு பெயரைக் கூப்பிடுகிறார்.